வெட்டுப்பட்ட எண்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று மகள் அனுப்பியிருந்த ஒற்றை வரியை லேசர் அக்கா எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மூன்று வருடத்தில் வந்த முதல் வரி. அதில் அம்மா என்ற சொல் இல்லை, வரட்டுமா என்ற கேள்வியும் இல்லை. ஆனாலும் அது மிளகு எழுதியது. பிறந்தபோது இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்தாள், அழுதால் மட்டும் தெருவே எட்டிப் பார்க்கும். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர், பதினைந்து வயதாகியும் உதிரவில்லை.

இன்று வியாழன். இடையில் இரண்டே நாள்.

விடாமல் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். லேசர் அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மனைவி உட்பட எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். ஒருநாள் ஏதோ வாய்ப்பேச்சு வளர்ந்து, "நீ ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி" என்று வண்டி பழக வந்தவர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு வாரத்தில் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்பது அவள் எண்ணம். போனவளே வரட்டும் என்பது அவர் எண்ணம். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த மிளகு, வாசலில் அம்மாவின் செருப்பு இல்லை என்பதை வைத்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். முதல் மாதத்தில் லேசர் அக்கா இரண்டு தடவை போன் செய்தாள். மிளகு பேச மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு இவளும் செய்யவில்லை.

அப்புறம்தான் இந்தத் தொழிற்சாலை, இந்த வேலை, இந்தப் பட்டப்பெயர். அவளைவிட ஆறு வயது மூத்த சூப்பர்வைசர்கூட அவளை லேசர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

தொழிற்சாலை என்றதும் புகையும் இரைச்சலும் கற்பனை செய்ய வேண்டாம். ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளைச் சுவர், தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. அங்கே செய்வதும் ஒருவகை உறைதான், பல்லுக்கு. கண்ணாடி போலத் தெளிவான மெல்லிய பிளாஸ்டிக். கோணல் பல்லின் மேல் கச்சிதமாக உட்கார்ந்து, போட்டிருப்பதே தெரியாமல், ஒரு நூலிழை நகர்த்தும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று இருபது முப்பது உறை மாற்றினால் பல் வரிசைக்கு வந்துவிடும். ஒவ்வொரு உறையும் ஒரு படி. எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், எது எத்தனையாவது படி என்று ஒவ்வொன்றின் மேலும் லேசரால் எழுதிவிடுவார்கள். மேல் வரியில் கேஸ் எண், கீழ் வரியில் படி எண். மொத்தமும் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் வரும்.

எங்கே எழுதுவது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அந்த வாயின் படம் முழுவதும் அதனிடம் இருக்கிறது. அதிக வளைவில்லாத இடம், பல்லைத் தள்ளும் இடத்தில் படாத இடம், பிறகு ஓரம் வெட்டும்போது கத்திக்கு அகப்படாத இடம் என்று தேடிப் பிடித்து, திரையில் ஒரு பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். லேசர் அக்கா அதைப் பார்த்து, சரி என்று ஒரு தட்டு தட்டுவாள். சந்தேகமான இடமென்றால் கட்டம் மஞ்சளாக வரும். அப்போது மட்டும்தான் கையால் நகர்த்த அனுமதி. கையால் நகர்த்தினால் பொறுப்பும் கைக்கு வந்துவிடும், அதற்கு மேல் கம்ப்யூட்டர் அந்த இடத்தைப் பற்றி வாயைத் திறக்காது.

ஒன்பதரை மணிக்கு சூப்பர்வைசர் அவளையும், வெட்டும் கோட்டுக்குப் புரோகிராம் எழுதுகிற பெண்ணையும் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பல் டாக்டர் திருப்பி அனுப்பியதாம். மூடியைத் திறந்து உள்ளே இருந்த உறைகளை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினார்.

"படி எண்ணைப் படிங்க," என்றார்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "ஆறு. ஏழு. எட்டு. இன்னொரு ஆறு. இன்னொரு எட்டு. பூஜ்யம்." நிறுத்திவிட்டு, "பூஜ்யமா?" என்றாள்.

"பத்தாவது படி. முன்னாடி இருந்த ஒண்ணு வெட்டுப்பட்டுப் போச்சு. பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாத்துலயும் முதல் எண்ணைக் காணோம். ஓரம் வெட்டறப்ப குறியோட சேத்து வெட்டியிருக்கு. செக்கிங் கேமரா மேல் வரியை மட்டும்தான் படிக்குது, அதனால தப்பிச்சு வெளிய போயிடுச்சு."

லேசர் அக்கா எண்ணைப் படிக்கவில்லை. மேல் வரியை ஒரு தடவை பார்த்தாள், போதும். அவளுக்குத் தன் போன் நம்பர் சமயத்தில் மறந்துபோகும், இந்தக் கேஸ் எண் மறக்காது.

"பேஷண்ட் ஒரு ஸ்கூல் பொண்ணு," சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே போனார். "பரீட்சை நேரம், அடிக்கடி வர முடியாதுன்னு டாக்டர் மொத்தத்தையும் குடுத்திருக்கார். கவர்ல எண் சரியா இருந்துச்சு. அந்தப் பொண்ணு அஞ்சு போட்டு முடிச்சதும் மிச்சத்தையெல்லாம் கவரைப் பிரிச்சு இந்த டப்பால கொட்டி வச்சிருக்கு. ஆறு, ஏழுன்னு பலதும் ரெண்டு ரெண்டா இருக்கவும் ஸ்பேர் குடுத்திருக்காங்கன்னு நினைச்சிருக்கு. ஆறுக்குப் பதிலா பதினாறைப் போட்டிருக்கு."

"பதினாறு உள்ளயே போகாதே சார்," என்றாள் அந்தப் பெண்.

"போகாது. அமுக்கிப் போட்டிருக்கு. வலிச்சா வலிக்கட்டும்னு ரெண்டு வாரம் வாயைத் திறக்கலையாம். யார்கிட்டயும் சொல்லல. இப்ப ஈறு வீங்கி, அந்தத் தெத்துப்பல் ஆட்டம் கண்டுடுச்சு. ரெண்டு மாசம் எதையும் போடக் கூடாது, இறுகிடும்னுதான் நினைக்கிறேன், உறுதி சொல்ல மாட்டேன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

வலித்தால் வலிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பது யாருடைய குணம் என்று லேசர் அக்காவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அது. திரையில் ஒரு மேல் வரிசைப் பல் வந்து நின்றது. பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். இடது பக்கம் தெத்துப்பல். பக்கத்தில் முன்பல்லின் முனை ஒரு அரிசி அளவு உடைந்திருந்தது. ஏழு வயதில் கேட்டின் மேல் ஏறி ஆடி, கீழே விழுந்து உடைத்துக்கொண்ட முனை. இரண்டில் ஒன்று இருந்தால் ஆயிரம் பேரில் ஒருவர் என்று விட்டுவிடலாம். இரண்டும் ஒரே வாயில் இருந்தால் அது மிளகுதான்.

லேசர் அக்கா தன் நாக்கால் தன்னுடைய தெத்துப்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதே இடது பக்கம். மூக்கு அப்பாவுடையது, நடை அப்பாவுடையது, படிப்பு யாருடையதோ. அம்மாவிடமிருந்து அந்தப் பெண்ணுக்குப் போனது அந்த ஒரு பல்தான். அவள் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனாள். இருபத்திரண்டு படியில் அது மெள்ள மெள்ள உள்ளே போய், கடைசியில் மற்ற பல்லோடு பல்லாக நல்ல பிள்ளை மாதிரி நின்றது. நல்லதுதான். டாக்டர் செய்வது சரிதான். இருந்தாலும் அவள் முதல் படிக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தாள்.

சொந்தக்காரர் கேஸ் என்று தெரிந்தால் எழுந்து, இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அது அங்கே விதி. அவள் எழுந்திருக்கவில்லை.

கட்டம் பச்சையாகத்தான் இருந்தது. கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம், கன்னத்தை ஒட்டி. சாதாரணமாகச் சிரிக்கிறவர்களுக்கு அது வெளியே தெரியாது. ஆனால் மிளகு சாதாரணமாகச் சிரிக்கிறவளா? கடைவாய் தெரிய, தொண்டை தெரிய, பார்க்கிறவன் ஒரு அடி பின்னால் போகிற மாதிரி சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் எவளாவது, என்னடி பல்லில் நம்பர் என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டருக்கு வாயைத்தான் தெரியும், அந்தச் சிரிப்பை அது எங்கே பார்த்தது. லேசர் அக்கா கட்டத்தைப் பிடித்து இழுத்து, நாக்குப் பக்கம், கடைசிப் பல்லுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது. நிச்சயம் என்றாள். எல்லாப் படிக்கும் இதே இடமா என்று கேட்டது. ஆமாம் என்றாள்.

முதல் மூன்று நாலு படியை அவள் கண்ணால் பார்த்தாள், குறி அழகாக உட்கார்ந்திருந்தது. மிச்சத்தைப் பார்க்கவில்லை. முளைத்துக்கொண்டிருந்த கடைசிப் பல்லுக்கு இடம் விட, பத்தாம் படியிலிருந்து வெட்டும் கோடு உள்பக்கமாக வளைந்துவிடும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அது அந்தப் பக்கமே போகாமல் இருந்தது. அன்று சாயங்காலம் லேசர் அக்கா, மூன்று வருடத்தில் மகளுக்கு ஒரு காரியம் செய்துவிட்ட நிறைவோடு பஸ் ஏறினாள்.

"இந்த உறையெல்லாம் செஞ்ச வாரம்தான் நீ வெட்டற கோட்டோட புரோகிராமை மாத்தின," சூப்பர்வைசர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "மாத்தினதுக்கு அப்புறம் பழைய கேஸையெல்லாம் ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பாத்தா இது எப்படிப் போச்சு?"

அந்தப் பெண்ணின் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சூப்பர்வைசர் லேசர் அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்க மெஷின்ல எதாவது பதிவு இருக்குமா அக்கா?"

"தொண்ணூறு நாளைக்கு மேல நிக்காது சார்," என்றாள் அவள். சொன்னது நிஜம். நிஜத்துக்குப் பின்னால் இப்படி வசதியாக ஒளிந்துகொள்ள முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்ப புரோகிராம் தப்புன்னு எழுத வேண்டியதுதான். சாயங்காலத்துக்குள்ள அறிக்கை கேட்டிருக்காங்க." அவர் டப்பாவை மூடினார். கூட்டம் கலைந்தது.

லேசர் அக்கா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பச்சைக் கட்டம், சரி. பச்சைக் கட்டம், சரி. கை அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் ஒரே இடத்தில் சுற்றியது. வாயைத் திறந்தால் இந்த வேலை போகும். போகட்டும். மிளகுக்குத் தெரிந்துவிடும். பல்லை ஆட வைத்தது அம்மாதான் என்று தெரிந்த பிறகு எந்தப் பெண் பத்து மணிக்குக் கிளம்பி வருவாள்? இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஞாயிறு வந்துவிடும். ஒரே ஒரு ஞாயிறு.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் திறக்காமல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். லேசர் அக்கா எதிரில் போய் உட்கார்ந்தாள். தள்ளி உட்கார்ந்திருக்கலாம், கால் அங்கேதான் போனது.

"சாப்பிடு மா."

"பசிக்கல அக்கா. காலையிலேர்ந்து ஓட்டிப் பாத்துட்டே இருக்கேன். பழைய புரோகிராம்ல ஓட்டினேன், புதுசுல ஓட்டினேன். எதுல ஓட்டினாலும் குறி வெளிப்பக்கம்தான் விழுது. உள்பக்கம் போகவே மாட்டேங்குது."

லேசர் அக்கா தண்ணீரைக் குடித்தாள்.

"யாரோ கையால நகத்தியிருந்தாத்தான் அப்படி வரும்," என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதை சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"எதை வச்சு சொல்றது? பதிவு இல்ல. சொன்னா, தன் தப்பை அடுத்தவங்க தலையில கட்டறாங்கன்னு ஆயிடும். அந்த மெஷின்ல எப்பவும் உக்காரறது நீங்கதான். உங்களைப் போய் நான் எப்படி அக்கா சொல்லுவேன்."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சந்தேகப்பட்டும் சொல்லவில்லை. உண்மையாகவே, அக்கா அப்படிச் செய்ய மாட்டாள் என்று நம்பித்தான் சொன்னாள்.

"நீ சாப்பிடு," என்று லேசர் அக்கா எழுந்தாள். "சாப்பிட்டு முடி. அதை மூடி வை. உன் புரோகிராம்ல ஒண்ணும் இல்ல."

சூப்பர்வைசர் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேஸ் யாருடையது, எப்படித் தெரியும், எதற்காக நகர்த்தினாள், எத்தனை படியைப் பார்த்தாள், எத்தனையைப் பார்க்கவில்லை. சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"காலையில ஏன் சொல்லல?"

"பயம் சார்."

"வேலைக்கா?"

"இல்ல சார். ஞாயித்துக்கிழமைக்கு."

அவருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினார், நல்ல மனிதர். "நான் மேல சொல்லியாகணும். அவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியல. அது வரைக்கும் நீங்க மெஷின் பக்கம் வர வேண்டாம். டாக்டருக்கு நான் எழுதிடறேன். அவர் எப்படியும் அந்த வீட்டுக்குச் சொல்வார்."

"அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் சார்."

"நாலு மணிக்கு அந்தப் பொண்ணு கிளினிக் வருது," என்றார் அவர். அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

கிளினிக் வாசலில் தலையில் சிவப்புப் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் நின்றிருந்தது. மாஸ்டர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் தாளம் நின்றது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னா," என்றார்.

"ஞாயித்துக்கிழமைதான். இது வேற." அவள் கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னலோரம் நின்றே சொன்னாள். சூப்பர்வைசரிடம் மூன்று நிமிடம் ஆனது இவரிடம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கட்டிக்கொண்டவரிடம் விளக்கம் குறைவாகத்தான் தேவைப்படுகிறது.

மாஸ்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்னு டாக்டர் அவகிட்ட சொல்லியிருக்கார்," என்றார். "அவளும் அப்படியே நம்பிட்டா. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. ஞாயித்துக்கிழமைக்குன்னு மூணு நாளா டிரஸ் எடுத்து வைக்கிறா, மாத்தறா, மறுபடி வைக்கிறா. நான் பாக்கலைன்னு நினைச்சுட்டிருக்கா."

அதைக் கேட்டதும் அவளுக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. பஸ் ஸ்டாப் எதிரிலேயே இருந்தது.

"அப்படியே இருந்தா, வந்து உக்காந்ததும் என்ன பல் வலிக்குதான்னு நானே கேக்கணும். கேக்க முடியாது என்னால."

"அன்னைக்கு நான் சும்மா ஒரு சிரிப்புக்குத்தான் சொன்னேன்," என்றார் மாஸ்டர் சம்பந்தமில்லாமல். அவருக்குச் சம்பந்தம் இருந்தது. "அந்த ரிவர்ஸ் கியர்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போன?"

"சிரிப்புக்குன்னு அன்னைக்கே தெரியும். நீங்க வந்து கூப்பிட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

"வரணும்னுதான் இருந்தேன். ரெண்டு தடவை உன் வீட்டுத் தெரு முனை வரைக்கும் வந்தேன்." அவர் கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போ. உள்ள இருக்கா. டாக்டர் இன்னும் கூப்பிடல."

மிளகு ஓர நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் கைக்குட்டையை இடது கன்னத்தில் வைத்திருந்தாள். கால் தரையில் நன்றாக எட்டியது. இவள் விட்டுவிட்டு வந்தபோது நுனிவிரல்தான் தொடும். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லேசர் அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா சொன்னாரா பல் விஷயம்?" என்றாள் மிளகு. வாயை அதிகம் திறக்காமல் பேசினாள்.

"அப்பா சொல்லல. எனக்குத் தெரியும். நான் வேலை பாக்கறது அந்த உறை செய்யற கம்பெனியிலதான். அதுல நம்பர் எழுதறது என் வேலை." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "கம்ப்யூட்டர் தப்பு இல்ல மிளகு. அது சரியான இடத்தைத்தான் காட்டுச்சு. உன் பல்லுன்னு பாத்ததும் தெரிஞ்சு போச்சு, நான்தான் கையால நகத்தினேன். நீ வாய்விட்டுச் சிரிப்பியே, சிரிச்சா நம்பர் தெரியுமேன்னு உள்பக்கம் தள்ளினேன். பின்னாடி வெட்டுப்படும்னு பாக்கல. பாத்திருக்கணும். உனக்கு வலிச்சதெல்லாம் என்னாலதான்."

மிளகு கைக்குட்டையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். கன்னம் வீங்கியிருந்தது. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"எப்ப?"

"எது?"

"என் பல்லுன்னு எப்ப தெரிஞ்சுது?"

"நாலு மாசம் ஆச்சு."

"நாலு மாசம்," என்றாள் மிளகு. அடுத்த நாற்காலிக்காரர் பத்திரிகையைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நான் பல்லைச் சரி பண்ணிக்கப்போறேன்னு தெரியும். எந்த டாக்டர்னு கேட்டா தெரிஞ்சிருக்கும். நான் எப்படிச் சிரிப்பேன்னுகூட ஞாபகம் இருக்கு. இவ்வளவும் தெரிஞ்சு நீ என்ன பண்ணின? ஒரு நம்பரை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வச்ச."

லேசர் அக்கா, வலிக்காகக் கோபப்படுவாள், பல்லுக்காக அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் பஸ்ஸிலேயே பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இதற்கு இல்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

"நீ பேச மாட்டேன்னு சொன்னியே மா."

"எனக்கு அப்ப பன்னண்டு வயசு," என்றாள் மிளகு.

கத்தவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கைக்குழந்தையாக அழுது தெருவையே எட்டிப் பார்க்க வைத்தவள், இப்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். லேசர் அக்கா அழுதாள். துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் அழுதாள். கூப்பிடுவார்கள் என்று தான் உட்கார்ந்திருந்த அதே மூன்று வருடமும், இந்தப் பெண்ணும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பெரியவள் இவள்தான். முதலில் எடுத்திருக்க வேண்டியது இவள்தான்.

"அப்புறம் இன்னொண்ணு," மிளகு கைக்குட்டையை நாலாக மடித்தாள். "நீ அவ்வளவு பாத்து மறைச்சியே, அது தெரியற மாதிரி நான் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

உள்ளேயிருந்து ஒருவர் வந்து, அடுத்தது யார் என்று கேட்டார். மிளகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வரல."

லேசர் அக்கா தலையை ஆட்டினாள். அதைத் தவிர வேறு எதை எதிர்பார்த்து வந்தாள்.

"நீ வா," என்றாள் மிளகு. "வீட்டுக்கு. நீயா வந்து பெல் அடி. திறப்பேன்னு இப்ப சொல்ல மாட்டேன்."

"திறக்கலைன்னா?"

மிளகு அம்மாவை ஒரு கணம் பார்த்தாள், கேட்கிற கேள்வியா இது என்பது போல.

"மறுபடி அடி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.